பிப்ரவரியில் தொடங்கி ஜனவரியில் 42 கிலோமீட்டர்: புதிதாக ஓடுபவருக்கான முழு வழிகாட்டி

சென்னை மாரத்தான் ஜனவரித் தொடக்கத்தில் நடக்கிறது. அதில் ஓடி முடித்த அலுவலக நண்பரின் கழுத்தில் பதக்கத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் நானும்" என்று முடிவெடுப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. நல்ல முடிவுதான். ஆனால் பலர் மறுநாளே ஷூவைக் கட்டிக்கொண்டு மூச்சு முட்ட ஓடி, மூன்றாவது வாரத்தில் கால் வலியோடு நின்றுவிடுகிறார்கள். ஓட வராததால் நின்றவர்கள் இல்லை அவர்கள். அளவுக்கு மீறி வேகமாக ஓடியதால் நின்றவர்கள்.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லும்: மெதுவாக ஓடுங்கள், ஓராண்டு எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் பயிற்சி அட்டவணைகள் பெரும்பாலும் குளிர்நாடுகளுக்கு எழுதப்பட்டவை. நமக்கு நடுவில் கத்திரி வெயில் வரும், அப்புறம் வடகிழக்குப் பருவமழை வரும். அந்த இரண்டையும் கணக்கில் வைத்து மாதவாரியாகச் சொல்கிறேன்.

ஓராண்டு எதற்கு?

மாரத்தானின் தூரம் 42.195 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய அந்தத் தூரம் 1921இல் நிரந்தர அளவானது. ஒரு காலடியில் ஒரு மீட்டர் போகிறோம் என்று வைத்துக்கொண்டால், 42,000 தடவைக்கு மேல் உங்கள் உடல் எடை முழுவதும் ஒற்றைக் காலில் இறங்கப்போகிறது.

இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகிவிடும். ஆறேழு வாரத்தில் மூச்சு வாங்குவது குறைந்து, "இன்னும் ஓடலாம் போல இருக்கே" என்று தோன்றும். எலும்பும் தசைநாணும் அப்படியில்லை. அவை உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். மூச்சு தயார், கால் தயாரில்லை என்ற இந்த இடைவெளியில்தான் புதியவர்களுக்கு அடிபடுகிறது. 16 வாரத் திட்டங்கள் ஏற்கெனவே வாரம் 25, 30 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கானவை. சோபாவிலிருந்து எழுந்து வருபவர் அதை எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஓடும் முன்: ஒரு மருத்துவர், ஒரு ஜோடி ஷூ

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்த வரலாறு உள்ளவர்கள், முதலில் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஈசிஜியும் டிரெட்மில் பரிசோதனையும் தேவையா என்று அவர் சொல்வார். இன்சுலின் போடுபவர்கள் ஓடும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். மருந்தின் அளவையும் நேரத்தையும் கேட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். நெஞ்சில் இறுக்கம், மயக்கம், தாறுமாறான படபடப்பு இருந்தால் அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது. "கேஸ் டிரபிள்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

செலவு செய்ய வேண்டிய பொருள் ஷூ ஒன்றுதான். மாலையில் போய் வாங்குங்கள். பகலெல்லாம் நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடப்போகும் சாக்ஸையே போட்டுப் பாருங்கள். நின்றால் கால்விரலுக்கும் ஷூ நுனிக்கும் நடுவே கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். அந்த இடம் இல்லாததால்தான் பலருக்கு நகம் கறுத்து விழுகிறது. கடைக்குள்ளேயே நாலு எட்டு ஓடிப் பார்த்து, எது காலுக்கு இதமாக இருக்கிறதோ அதை எடுங்கள். விலை அதிகமான கார்பன் தகடு வைத்த ஷூ முதல் ஆண்டில் வேண்டாம். ஒரு ஜோடி 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும். ஆண்டு முடிவதற்குள் இரண்டாவது ஜோடி தேவைப்படும் என்பதை இப்போதே பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள்.

பருத்தி பனியன் வியர்வையை உறிஞ்சிக் கனத்து, தோலை உரசிப் புண்ணாக்கும். மெல்லிய பாலியஸ்டர் டி-ஷர்ட் போதும். பெண்களுக்கு நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா ஷூ அளவுக்கே முக்கியம், அதில் சிக்கனம் வேண்டாம்.

பிப்ரவரி, மார்ச்: நடையும் ஓட்டமும்

வாரத்துக்கு மூன்று நாள். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் நடுவே ஒரு நாளாவது இடைவெளி. முதலில் ஐந்து நிமிடம் வேகநடை. அப்புறம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி எட்டு முறை. கடைசியில் ஐந்து நிமிடம் நடந்து முடியுங்கள்.

மூன்றாம் வாரத்தில் ஓட்டம் இரண்டு நிமிடம், நடை ஒரு நிமிடம். ஐந்தாம் வாரத்தில் மூன்றுக்கு ஒன்று. ஏழாம் வாரத்தில் ஐந்துக்கு ஒன்று. ஒரு வாரம் கஷ்டமாக இருந்தால் அதே வாரத்தை இன்னொரு முறை செய்யுங்கள், அட்டவணை ஓடிப்போகாது. பத்தாம் வாரவாக்கில் அரைமணி நேரம் நிற்காமல் ஓட முடியும்.

நடப்பதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம். 1972 முனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே இந்த நடை–ஓட்ட முறையை ஒரு பயிற்சி முறையாகவே வளர்த்து, எண்ணற்ற புதியவர்களை மாரத்தான் முடிக்க வைத்தார். களைத்த பிறகு நடப்பதல்ல அந்த முறை. களைப்பதற்கு முன்பே, கணக்கு வைத்து நடப்பது. பந்தயத்தன்றும் இதையே செய்யலாம்.

இப்போது வேகம். பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும், அவ்வளவுதான் விதி. பக்கத்தில் ஓடுபவரிடம் நேற்றுப் பார்த்த படத்தின் கதையை முழு வாக்கியங்களில் சொல்ல முடிகிறதா? சரியான வேகம். "ம்", "ஆமா" என்று மட்டும்தான் வருகிறதா? குறைத்துவிடுங்கள். பெரும்பாலான புதியவர்களுக்கு இது கிலோமீட்டருக்கு 8, 9 நிமிடம் என்று அமையும். வேகநடைக்காரர் ஒருவர் உங்களை ஒட்டியே வருவார். வரட்டும். நான் முதல் வருடம் கடற்கரையில் என்னை முந்தியவர்களையெல்லாம் துரத்திக்கொண்டு ஓடினேன். அந்த வருடம் இரண்டு மாதம் ஓடாமல் வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று. அன்று யாராவது இதை அழுத்திச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அதனால்தான் இங்கே இவ்வளவு அழுத்துகிறேன்.

எங்கே ஓடுவது? வண்டி குறைந்த, சமமான இடம். சென்னையில் மெரினா உட்சாலை, பெசன்ட் நகர்க் கடற்கரைச் சாலை, கோவையில் ரேஸ் கோர்ஸ், மற்ற ஊர்களில் மாவட்ட விளையாட்டரங்கு. சாலையில் ஓடினால் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். இருட்டில் வெளிர்நிற உடையும் ஒளி பிரதிபலிக்கும் பட்டையும் அவசியம். இரண்டு காதிலும் இயர்போன் வேண்டாம். நாய் குரைத்து வந்தால் ஓட்டத்தை நிறுத்தி, திரும்பி ஓடாமல், நிதானமாக நடந்து கடந்துவிடுங்கள். தனியாக இருட்டில் ஓடத் தயங்குபவர்கள், குறிப்பாகப் பெண்கள், ஒரு குழுவில் சேர்வது நல்லது. சென்னை மாரத்தானை நடத்தும் சென்னை ரன்னர்ஸ் அமைப்புக்கு நகரின் பல பகுதிகளில் குழுக்கள் உண்டு. மற்ற ஊர்களிலும் விசாரித்தால் விடியற்காலை ஓடும் நாலு பேர் கிடைப்பார்கள்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை: வெயிலோடு போட்டி வேண்டாம்

இந்த மூன்று மாதத்தில் தூரத்தைக் கூட்டும் ஆசையைக் கட்டிப்போடுங்கள். வாரம் மூன்று, நான்கு நாள், ஒரு தடவைக்கு 30 முதல் 50 நிமிடம், ஞாயிறு மட்டும் கொஞ்சம் நீளமாக 8 கிலோமீட்டர் வரை. போதும். அடித்தளம் இதில்தான் விழுகிறது.

உடல் சூட்டை வெளியேற்றுவது வியர்வை வழிந்தால் அல்ல, அது காய்ந்தால். கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், உடல் குளிராது. தோலைக் குளிர்விக்க ரத்தம் அங்கே திருப்பப்படுவதால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக உழைக்கும். மே மாதத்தில் உங்கள் வேகம் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் குறைந்தால் நீங்கள் பலவீனமாகிவிட்டதாக அர்த்தமில்லை. கடிகாரத்தைப் பார்க்காமல் பேச்சு விதியை மட்டும் பாருங்கள். அதிகாலை நாலரை, ஐந்துக்குத் தொடங்கி வெயில் ஏறும் முன் முடியுங்கள். வெயிலுக்கு உடல் பழக இரண்டு வாரம் போல ஆகும்.

எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்பதை ஊரார் சொல்லை வைத்து முடிவு செய்யாமல், எடை பார்த்துக் கண்டுபிடியுங்கள். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் வியர்வை துடைத்து, உடையில்லாமல் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. நடுவே குடித்த தண்ணீரையும் அதில் கூட்டிக்கொள்ளுங்கள். அதை முழுவதும் ஓடும்போதே ஈடுகட்டத் தேவையில்லை. தாகத்துக்கு ஏற்ப, 15, 20 நிமிடத்துக்கு ஒரு தடவை சில மடக்கு குடித்தால் போதும். ஓடி முடித்ததும் எடை கூடியிருந்தால் எச்சரிக்கை: அளவுக்கு மீறி வெறும் தண்ணீர் குடித்து ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போவது உயிருக்கே ஆபத்தானது.

ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் உப்பு சேர்ந்த பானம் வேண்டும். மருந்துக்கடை ஓஆர்எஸ் பொட்டலமே சிறந்தது. கைவசம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இளநீர் அருமையானதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். அதனால் இளநீரில் ஒரு சிட்டிகை உப்பு போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர், அதற்கு ஈடில்லை.

ஓடும்போது மயிர்க்கூச்செறிந்து குளிர்வது போல் இருந்தாலோ, தலை சுற்றினாலோ, பேச்சு குழறினாலோ உடனே நின்று நிழலுக்குப் போங்கள். கூட ஓடுபவருக்கு அப்படியானால் தலை, கழுத்து, அக்குளில் குளிர்ந்த நீர் ஊற்றிவிட்டு 108ஐ அழையுங்கள்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை: 10 கிலோமீட்டர், அப்புறம் அரை மாரத்தான்

இப்போது ஒரு வாரத்துக்கு ஒழுங்கான வடிவம் கொடுக்கலாம். செவ்வாய் 40, 45 நிமிடம் மெதுவாக. வியாழன் அதே அளவு. அதன் கடைசியில் மட்டும் 20 நொடி சற்று வேகமாக, ஒரு நிமிடம் நடை, இப்படி நாலைந்து தடவை. சனி அரைமணி நேரம் சும்மா கால் ஆட்ட. ஞாயிறு லாங் ரன், அதாவது வாரத்தின் மிக நீளமான, மெதுவான ஓட்டம். திங்களும் வெள்ளியும் முழு ஓய்வு. புதன் உடற்பயிற்சி, முடிந்தால் இன்னொரு நாளும்.

லாங் ரன் ஜூலைத் தொடக்கத்தில் 8 கிலோமீட்டர். வாரம் ஒன்று, இரண்டு கிலோமீட்டர் கூட்டி, நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். இந்தக் குறைக்கும் வாரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உடல் தன்னைக் கட்டிக்கொள்வது அந்த வாரத்தில்தான். ஆகஸ்டில் ஒரு 10 கிலோமீட்டர்ப் போட்டியிலும், செப்டம்பர் இறுதியில் ஓர் அரை மாரத்தானிலும் ஓடிப் பாருங்கள். 21.1 கிலோமீட்டரை வலியில்லாமல் முடித்தால்தான் முழு மாரத்தானுக்குப் பதிவு செய்யுங்கள். முடியவில்லையா? ஜனவரியில் அரை மாரத்தான் ஓடுங்கள், முழு மாரத்தானை அடுத்த ஆண்டுக்கு வையுங்கள். இதில் குறைவு ஒன்றுமில்லை.

உடற்பயிற்சிக்கு ஜிம் வேண்டாம். இருபது நிமிடம், வீட்டிலேயே. பிள்ளையார் கோயிலில் போடும் தோப்புக்கரணம் ஓடுபவருக்கு மிகப் பொருத்தமான பயிற்சி, 15 வீதம் மூன்று சுற்று. மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலை மெதுவாகக் கீழிறக்கி ஏற்றுவது கெண்டைக்காலுக்கும் குதிகால் நாணுக்கும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துவது இடுப்புத் தசைக்கு. கடைசியில் பிளாங்க், அதாவது குப்புற இருந்து முழங்கையையும் கால்விரலையும் மட்டும் ஊன்றி உடலை நேராக நிறுத்துவது, அரை நிமிடத்திலிருந்து தொடங்கி. முழங்கால் வலி என்று வருபவர்களில் பலருக்கு இடுப்புத் தசை பலவீனமாக இருப்பதும் ஒரு காரணம்.

சாப்பாட்டில் மாவுச்சத்துக்கு நமக்குப் பஞ்சமில்லை. குறைவது புரதம். இட்லி, சாதம், ரசம் என்று நாள் போனால் தசை ஆறாது. முட்டை, மீன், தயிர், பருப்பு, தினமும் ஒரு கிண்ணம் சுண்டல் அல்லது முளைகட்டிய பயறு. பெண்கள் ஹீமோகுளோபின் அளவை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். "ஓடவே முடியவில்லை" என்ற களைப்புக்கு இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம்.

வலி வந்தால்

இரண்டு கால்களிலும் பரவலாக இருந்து, ஓடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் இளகிவிடும் வலி சாதாரணம். ஒரே காலில், ஓரிடத்தில், ஓட ஓடக் கூடி, உங்களை நொண்ட வைக்கும் வலிக்கு உடனே நிறுத்த வேண்டும். இந்த வேறுபாட்டைக் கற்றுக்கொண்டாலே பாதிக் காயங்களைத் தவிர்த்துவிடலாம்.

முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் உட்புறம் வலித்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். நீளவாக்கில் பரவலாக வலித்தால், வழக்கமான சுமை அதிகமான வலி. ஒன்றிரண்டு வாரம் ஓட்டத்தைக் குறைத்தால் தணியும். ஒரு விரல்நுனி அளவு புள்ளியில் மட்டும் சுரீரென்றால் எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம், எலும்பு மருத்துவரிடம் போங்கள். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்தினால் பாதத்தின் அடிநார் வீக்கம். மாடிப்படிப் பயிற்சியும் வீட்டுக்குள்ளும் செருப்பும் உதவும். வலிமாத்திரை போட்டுக்கொண்டு நீண்ட தூரம் ஓடவே கூடாது. உடலில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். காய்ச்சல் இருந்தாலும் ஓடக் கூடாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: மழையும் முப்பது கிலோமீட்டரும்

நம் ஊர்ப் பயிற்சியின் மிகக் கடினமான பகுதி இது. லாங் ரன் உச்சத்தைத் தொடும் வாரங்களில்தான் சென்னையில் மழை கொட்டும். மழை மட்டும் என்றால் ஓடலாம். உடல் சூடாகாது, சுகமாகக்கூட இருக்கும். இடி, மின்னல் இருந்தாலோ தெருவில் தண்ணீர் தேங்கியிருந்தாலோ போகாதீர்கள். தேங்கிய தண்ணீருக்குள் மூடி திறந்த சாக்கடைக் குழி, அறுந்த மின்கம்பி எதுவும் இருக்கலாம். ஞாயிறு போனால் செவ்வாய்க்கு மாற்றுங்கள். ஒரு வாரம் முழுக்கப் போனாலும் விட்டதை மறுவாரத்தில் சேர்த்து ஓடாதீர்கள்.

ஞாயிறுகளின் தூரம் இப்படி: அக்டோபரில் 20, 22, 16, 24. நவம்பரில் 26, 18, 28, 20, கடைசியில் 30. டிசம்பரில் 22, 32, 20, 12. பயிற்சியில் 42 ஓடத் தேவையில்லை. 32 முடித்தவர் பந்தயத்தன்று மீதிப் பத்தை முடிப்பார். ஆனால் நான்கு மணி நேரம் ஆகிவிட்டால் எத்தனை கிலோமீட்டரில் இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஓடினால் கிடைக்கும் பயனைவிட ஆற வேண்டிய சேதம் அதிகம்.

முப்பதுக்குப் பக்கத்தில் திடீரென்று சக்தியெல்லாம் தீர்ந்துபோவதைச் "சுவரில் மோதுவது" என்கிறார்களே, அதற்குக் கணக்கு உண்டு. தசையிலும் ஈரலிலும் சேமிக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ 2,000 கலோரி. ஒரு கிலோமீட்டர் ஓட உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கலோரி போல எரியும். எழுபது கிலோ ஆளுக்கு 28, 30 கிலோமீட்டரில் கையிருப்பு தீரும். அதனால் ஓடும்போதே சாப்பிட வேண்டும், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஒரு வாழைப்பழத்தில் 25 கிராம் போல, ஓடுபவர்கள் உறிஞ்சிச் சாப்பிடும் இனிப்புக் கூழான ஜெல் ஒரு பாக்கெட்டிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பேரீச்சம்பழம் கொட்டை எடுத்துச் சின்னதாக நறுக்கிப் பையில் வைத்துக்கொள்ளலாம். கடலை மிட்டாய் பலருக்குப் பிடிக்கும், ஆனால் வாய் வறண்ட நேரத்தில் விழுங்குவது சிரமம். எதுவானாலும் லாங் ரன்னில் சாப்பிட்டுப் பழகிய பிறகே பந்தயத்துக்கு. வயிறும் பயிற்சி கேட்கும் உறுப்புதான்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. முழு மாரத்தான் அதிகாலை நான்கு மணி வாக்கில் தொடங்குகிறது. கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்றால் மொத்தம் 5 மணி 37 நிமிடம், முடிக்கும்போது ஒன்பதரையைத் தாண்டியிருக்கும். ஆறரைக்குப் பொழுது விடிந்துவிடும் என்பதால், மிகக் களைத்த கடைசி மூன்று மணி நேரமும் வெயிலில்தான். லாங் ரன் எல்லாவற்றையும் இருட்டிலேயே முடித்துப் பழகியவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். நவம்பர், டிசம்பரில் இரண்டு மூன்று லாங் ரன்களைத் தாமதமாகத் தொடங்கி ஒன்பது மணி வெயிலில் முடியுங்கள். தொப்பி, அதே பானம், அதே உணவு.

கடைசி மூன்று வாரமும் அந்தக் காலையும்

32 ஓடிய மறுநாளிலிருந்து சுமை குறைகிறது. கால் துறுதுறுக்கும், இல்லாத வலியெல்லாம் தோன்றும். கூடுதலாக ஒரு கிலோமீட்டர்கூட ஓடாதீர்கள். இரண்டு நாள் முன்பிருந்து சாதம், இட்லி, உருளைக்கிழங்கு கொஞ்சம் தாராளமாக. முந்தின இரவு ஏழு மணிக்குள் தயிர்சாதமோ இட்லியோ போதும். பரோட்டா, பிரியாணி, புது ஹோட்டல் எதுவும் வேண்டாம். தூக்கம் வராவிட்டால் கவலை இல்லை, அதற்கு முந்தைய இரவு நன்றாகத் தூங்கியிருந்தால் போதும்.

காலை இரண்டரைக்கு எழுந்து ஒரு வாழைப்பழம், இரண்டு இட்லி, வழக்கமுண்டானால் காபி. தொடை இடுக்கு, அக்குள், மார்புக்காம்பு, கால்விரல் நடுவே வாசலின் தடவுங்கள். புது ஷூ, புது சாக்ஸ் கூடவே கூடாது.

முதல் ஐந்து கிலோமீட்டர் கூட்டம் உங்களை இழுக்கும். திட்டமிட்டதைவிடக் கிலோமீட்டருக்கு 15, 20 நொடி மெதுவாகவே ஓடுங்கள். நடை–ஓட்டம் என்றால் முதல் கிலோமீட்டரிலிருந்தே நடங்கள். முதல் ஜெல்லோ பழமோ 45ஆவது நிமிடத்தில், பசிக்கக் காத்திருக்காதீர்கள். தண்ணீர் மேசைகளில் நடந்துகொண்டே குடியுங்கள், ஒரு குவளை தலையில். 30க்குப் பிறகு கணக்கை மாற்றுங்கள்: அடுத்த விளக்குக் கம்பம், அடுத்த தண்ணீர் மேசை, அவ்வளவுதான் தூரம்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் உடனே உட்காராதீர்கள். பத்து நிமிடமாவது மெல்ல நடங்கள், இல்லாவிட்டால் தலை சுற்றி விழ நேரும். உப்பு சேர்ந்த பானம், அரை மணிக்குள் ஏதாவது சாப்பாடு. வீட்டுக்கு நீங்களே வண்டி ஓட்டிப் போக வேண்டாம், யாரையாவது வரச் சொல்லுங்கள். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குங்கள். முதல் வாரம் நடை மட்டும். பத்து நாள் கழித்து இருபது நிமிடம், பேசிக்கொண்டே ஓடும் அந்தப் பழைய வேகத்தில்.